பெட்டர் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த யாரும் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்ற பகுதியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. கைடில் மூன்று கட்டம் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். ஷார்ட், ஷார்ட்டர், ஷார்ட்டஸ்ட் என்று ஒழுங்காகத் தொடங்கும். பாதி தூரம் போனதும் குட், பெட்டர், பெஸ்ட் என்று தடம் மாறும். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட் வரும். லிட்டில், லெஸ், லீஸ்ட் வரும். இவையெல்லாம் விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள் என்பார்கள். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்தப் பாடத்துக்கு வந்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “சார், குட்டுக்கு ஏன் குட்டர்னு வரக்கூடாது?” பள்ளியில் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிவைத்த கேள்வி அது. நல்ல கேள்வி. அதற்கு ‘அது அப்படித்தான்’ என்று பதில் சொல்வது அநியாயம். பதில் இருக்கிறது, அதுவும் கதைபோலச் சொல்லக்கூடிய பதில். அந்தக் கதை தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்யவேண்டிய பாரம் பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் அனுபவம். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கதைகள்தான்.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். தமிழில் ஒப்பிடும்போது பெயரடை அசைவதே இல்லை. ஒருவரைப் பற்றி மட்டும் பேசினாலும் ‘உயரம்’தான், இருவரை ஒப்பிட்டாலும் ‘உயரம்’தான், ஊரிலேயே ஒருவரைப் பொறுக்கியெடுத்தாலும் அதே ‘உயரம்’தான். ஒப்பிடுகிற வேலையெல்லாம் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லின் தலையில் விழுகிறது. அண்ணனை விட உயரம், அண்ணனைக் காட்டிலும் உயரம், வீட்டிலேயே உயரம். தொல்காப்பியக் காலத்திலிருந்தே ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபு இந்த வேலையைச் செய்துவருகிறது. ‘பாலினும் வெண்மை’ என்று சொன்னால் இன்றைக்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘இன்னும்’, ‘ரொம்ப’, ‘மிக’ என்று ஒரு சொல்லை முன்னால் வைத்துக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் பெயரடையே வடிவம் மாறுகிறது. நம் காதுக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘விட’ என்ற பொருள் ஏற்கெனவே ஏறியிருப்பது நமக்கு உறைப்பதில்லை. ‘இன்னும் நல்லது’ என்று மனத்தில் ஓடுகிறது, வாயில் ‘மோர் பெட்டர்’ வந்துவிடுகிறது. படிப்புக் குறைவால் நடப்பதில்லை இது. இரண்டு மொழிகளின் கட்டுமானம் உரசும் இடம் அது. மாற்றுவழி எளிது. ‘இன்னும்’ என்று சொல்லத் தோன்றும் இடத்தில் ‘ஈவன் பெட்டர்’ என்று சொல்லுங்கள். ‘எவ்வளவோ மேல்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘மச் பெட்டர்’ அல்லது ‘ஃபார் பெட்டர்’. ‘வெரி பெட்டர்’ கிடையாது. ‘வெரி’ சாதாரண வடிவத்தோடு ஒட்டும்: வெரி குட், வெரி டால்.

இப்போது குட்டுக்கு வருவோம்.

நேர்ப்பதில் இதுதான்: ‘குட்’ என்ற சொல்லுக்கு ஒப்பீட்டு வடிவம் என்று ஒன்று ஒருகாலத்திலும் இருந்ததே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் அது ‘கோட், பெடெரா, பெட்ஸ்ட்’ என்றுதான் இருந்தது. ‘பெட்டர்’, ‘பெஸ்ட்’ இரண்டும் வேறொரு வேரிலிருந்து வந்தவை. அந்த வேருக்கு நன்மை, ஆதாயம் என்ற பொருள் உண்டு. ‘கூடவே’, ‘அதற்கு மேலேயும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘டு பூட்’ என்று ஒரு தொடர் இருக்கிறதே, அதிலுள்ள ‘பூட்’ இதே குடும்பம். காலில் போடும் பூட்ஸுக்கும் அதற்கும் உறவில்லை. ஆக, இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே குடித்தனமாகிவிட்டன. ‘கோ’ என்ற வினைக்கு இறந்தகாலமாக ‘வென்ட்’ வந்து உட்கார்ந்ததும் இதே முறையில்தான். ‘வென்ட்’ முன்பு ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம்.

ஆங்கிலம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஜெர்மனில் கூட், பெஸ்ஸர், பெஸ்ட். பிரெஞ்சில் ‘போன்’ என்பதற்கு ‘மெய்யர்’. லத்தீனில் ‘போனுஸ்’ நல்லது, ‘மெலியோர்’ அதைவிட நல்லது, ‘ஒப்டிமுஸ்’ மிக நல்லது. மூன்றும் மூன்று வேர். ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற சொல் அந்த ‘ஒப்டிமு’ஸிலிருந்து வந்தது. ‘பெஸிமிஸ்ட்’ என்பது மிகக் கெட்டது என்ற பொருள்படும் ‘பெஸ்ஸிமு’ஸிலிருந்து வந்தது. மேக்ஸிமம், மினிமம் என்று நாம் அன்றாடம் சொல்வதும் லத்தீனின் உயர்வு நிலைச் சொற்களே.

‘பேட்’ கதை இன்னும் சுவையானது. ‘வொர்ஸ்’, ‘வொர்ஸ்ட்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ‘ஈவில்’ என்ற சொல்லுக்குத் துணையாக இருந்தவை. ‘பேட்’ அப்போது வழக்கிலேயே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில்தான் அது தலைகாட்டுகிறது. மெல்ல மெல்ல ‘ஈவி’லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அதன் துணைச்சொற்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் ‘பேடர்’, ‘பேடஸ்ட்’ என்று ஒழுங்கான வடிவங்களும் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் எழுத்தில் கிடைக்கின்றன. ஆனாலும் ‘வொர்’ஸை அவற்றால் அசைக்க முடியவில்லை.

ஏன் அசைக்க முடியவில்லை? இங்கேதான் பாடத்தின் சாவி இருக்கிறது. தினமும் ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் புல் முளைக்காது. அதுபோல, வாயில் தினமும் புழங்கும் சொற்களின் மேல் புதிய விதி ஏறுவதில்லை. நல்லது, கெட்டது, கொஞ்சம், நிறைய, தூரம், கிட்டே என்பவற்றைக் குழந்தை விதியைக் கற்பதற்கு முன்பே ஆயிரம் முறை கேட்டுவிடுகிறது. கேட்ட வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது. அட்டவணையின் கடைசியில் இருக்கும் அந்த ‘விதிவிலக்கு’ச் சொற்களைப் பாருங்கள், எல்லாமே மொழியில் அதிகம் புழங்கும் சொற்கள். அரிதாக வரும் சொற்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை விதிக்குப் பணிந்தே ஆகவேண்டும்.

விதி எப்படிப் பழையதை அழிக்கும் என்பதற்கு ‘எல்டர்’ நல்ல சாட்சி. பழைய ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு ஒப்பீட்டு வடிவத்தில் நடு உயிரெழுத்து மாறும். ‘லாங்’குக்கு ‘லெங்’ என்று தொடங்கும் வடிவம், ‘ஸ்ட்ராங்’குக்கு ‘ஸ்ட்ரெங்’ என்று தொடங்கும் வடிவம், ‘ஓல்டு’க்கு ‘எல்டர்’. ஜெர்மனில் இன்றும் இந்த உயிர்மாற்றம் அப்படியே நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக நேராகிவிட்டன: லாங்கர், ஸ்ட்ராங்கர், ஓல்டர். ‘எல்டர்’, ‘எல்டஸ்ட்’ மட்டும் தப்பின. எங்கே தப்பின என்று கவனியுங்கள், குடும்பத்துக்குள். அண்ணன், அக்கா, மூத்த மகன், மூத்த மகள் என்று உறவு சொல்லும் இடத்தில்தான் ‘எல்டர்’ பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. நமக்கு இது சட்டென்று பிடிபடும். ‘எல்டர்’ என்பதை ‘மூத்த’ என்றும், ‘ஓல்டர்’ என்பதை ‘வயதில் பெரிய’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ‘மூத்த மரம்’, ‘மூத்த கட்டடம்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மரத்துக்கும் கட்டடத்துக்கும் ‘எல்டர்’ போடுவதில்லை.

அடுத்தது, ‘எல்டர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘தென்’ வராது. ‘மை எல்டர் பிரதர்’ சரி. ‘மை பிரதர் இஸ் எல்டர் தென் மீ’ தவறு. அந்த இடத்துக்கு ‘ஓல்டர் தென் மீ’.

இந்தியாவில் இதற்கு இன்னொரு வடிவம் உலவுகிறது: ‘ஹீ இஸ் எல்டர் டு மீ’. நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகள் வாயில் இயல்பாக வருவது இதுதான். என் வகுப்பில் ஓர் இளைஞர், ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர், நன்றாகவே ஆங்கிலம் பேசுவார், இதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். “சீனியர் டு மீ சரின்னா எல்டர் டு மீயும் சரிதானே சார்?” என்றார். ரொம்பச் சரியான தர்க்கம். நாடு முழுக்க இந்த ‘டு’ பரவியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சீனியரின் கதை வேறு.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் எல்லாம் லத்தீன் வீட்டிலிருந்து வந்தவை. லத்தீனில் ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர், ‘செனியோர்’ என்றால் அவரைவிட முதியவர். அந்த ‘இயோர்’தான் லத்தீனின் ஒப்பீட்டு விகுதி. ஆங்கிலத்துக்கு வரும்போதே இந்தச் சொற்கள் ஒப்பீட்டை வயிற்றில் சுமந்துகொண்டு வந்துவிட்டன. அதனால் ‘தென்’ கேட்பதில்லை, ‘டு’ கேட்கின்றன. மேஜர், மைனர் இரண்டும் ‘பெரியது’, ‘சிறியது’ என்ற லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள். மாநகராட்சித் தலைவரைக் குறிக்கும் ‘மேயர்’ கூட அதே ‘மையோர்’ வழி வந்தவர்தான். ‘எல்டர்’ இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தது, லத்தீன் வீட்டுச் சொற்கள் கேட்கும் ‘டு’ அதற்கு ஒட்டாது. இதைச் சொன்னதும் அந்த இளைஞர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் வாயில் ‘எல்டர் டு’ வரவில்லை. காரணம் தெரிந்தால் பேச்சு தானாகத் திருந்தும் என்று நான் நம்புவது இதுபோன்ற நேரங்களால்தான்.

ஒரு நுணுக்கம். ‘மோர் சுப்பீரியர்’ என்று எழுதக்கூடாது. ஆனால் ‘எ மோர் சீனியர் ஆஃபீசர்’ என்று நல்ல ஆங்கிலத்திலேயே எழுதுகிறார்கள். அங்கே ‘சீனியர்’ என்பது ‘உயர் பதவியிலுள்ள’ என்ற சாதாரணப் பெயரடையாக மாறிவிட்டது. பழைய ஒப்பீட்டுப் பொருள் தேய்ந்துபோனால் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு செய்தி உண்டு. பல்கலைக்கழகத்தில் சீனியர் லெக்சரரை அங்கே ‘சிரேஷ்ட விரிவுரையாளர்’ என்கிறார்கள். ஜூனியருக்குக் ‘கனிஷ்ட’. சிரேஷ்ட, கனிஷ்ட, ஜேஷ்ட என்ற இந்தச் சொற்களின் வாலில் இருக்கும் ‘இஷ்ட’ என்பது சமஸ்கிருதத்தின் உயர்வு நிலை விகுதி. ஆங்கிலத்தில் ஷார்ட்டஸ்ட், டாலஸ்ட் என்று வரும் அந்த ‘எஸ்ட்’ இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பழைய விகுதி ஒன்று ஒருபக்கம் சமஸ்கிருதத்தில் ‘இஷ்ட’ ஆனது, இன்னொரு பக்கம் கிரேக்கத்தில் ‘இஸ்தோஸ்’ ஆனது, ஆங்கிலத்தில் ‘எஸ்ட்’ ஆனது. வசிஷ்டர் என்ற பெயரே இலக்கணப்படி ஓர் உயர்வு நிலைச் சொல். (விருப்பம் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘இஷ்டம்’ வேறு, அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேய்ந்த ஒப்பீட்டுக்கு மேல் இன்னொரு ஒப்பீடு ஏற்றுவது பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு மிக அழகான எடுத்துக்காட்டு ‘நியர்’. கிட்டே என்ற பொருளில் ஆங்கிலத்தில் பழைய சொல் ‘நை’. அதற்கு ஒப்பீட்டு வடிவம் ‘நியர்’, உயர்வு வடிவம் ‘நெக்ஸ்ட்’. அதாவது ‘நியர்’ என்றாலே ‘இன்னும் கிட்டே’ என்றுதான் பொருள் இருந்தது. ‘நெக்ஸ்ட்’ என்றால் ‘எல்லாவற்றையும் விடக் கிட்டே’. காலப்போக்கில் ‘நியர்’ வெறும் ‘கிட்டே’ ஆகிவிட்டது. மக்கள் அதற்கு ‘நியரர்’, ‘நியரஸ்ட்’ என்று புதிதாகச் செய்துகொண்டார்கள். இன்று நாம் பிழையில்லாமல் எழுதும் ‘நியரர்’ வரலாற்றுப்படி ஓர் இரட்டை ஒப்பீடு. ‘லேட்’ என்பதன் பழைய உயர்வு வடிவம் ‘லாஸ்ட்’. ‘லேட்டர்’, ‘லேட்டஸ்ட்’ நேரத்தைப் பார்த்துக்கொள்ள, ‘லாட்டர்’, ‘லாஸ்ட்’ இரண்டும் வரிசையைப் பார்த்துக்கொள்கின்றன. ‘தி லேட்டஸ்ட் நாவல்’ என்றால் அண்மையில் வந்தது, அடுத்து இன்னொன்று வரலாம். ‘தி லாஸ்ட் நாவல்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுதவில்லை என்று ஆகிவிடும். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் பார்த்துப் போடவேண்டிய சொல்.

‘லெஸ்ஸர்’ என்ற சொல்லும் இரட்டைதான். ‘லெஸ்’ ஏற்கெனவே ஒப்பீடு, அதன்மேல் இன்னொரு ‘அர்’. 1755ஆம் ஆண்டு வெளியான தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இந்தச் சொல்லைக் கொச்சை என்று கடுமையாகவே திட்டியிருக்கிறார். கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிறகு உரைநடைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்று அங்கேயே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். திட்டு நிற்கவில்லை, சொல் நின்றுவிட்டது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இரட்டை ஒப்பீடு பிழையாகவே கருதப்படவில்லை. அழுத்தத்துக்காகப் போடுவார்கள். ஹாம்லெட் நாடகத்தில் ‘வொர்ஸர்’ வருகிறது. ஜூலியஸ் சீசரில் ஆண்டனி, புரூட்டஸ் குத்திய காயத்தைக் காட்டிப் பேசும் இடத்தில் ‘மோஸ்ட்’டையும் ‘எஸ்ட்’டையும் ஒரே சொல்லில் அடுக்குகிறான். கூட்டத்தின் இரத்தத்தைக் கொதிக்கவைக்க அந்த அடுக்கு தேவைப்பட்டது. கதவை மூடியவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். பிற்காலத்தில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லோத் 1762இல் எழுதிய சிறிய இலக்கண நூலில் இரட்டை ஒப்பீடு முறையற்றது என்று எழுதிவைத்தார். ஒரே ஒரு விலக்கு தந்தார். பைபிள் சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து ‘மோஸ்ட் ஹையஸ்ட்’ என்று வருகிறதே, அது பொருந்தும் என்றார். மிக உயர்ந்ததற்கும் மேலானவர் கடவுள் என்பது லோத் சொன்ன காரணம். இலக்கணக்காரர் ஒருவர் பக்திக்காக விதியைத் தளர்த்திய இடம் என்பதால் எனக்கு லோத்தைப் பிடிக்கும்.

ஆகவே ‘மோர் பெட்டர்’ என்று சொல்கிற மாணவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் அது பிழைதான், தேர்விலும் வேலையிலும் தவிர்க்க வேண்டியதுதான். ஆனால் அவர் செய்வது ஆங்கிலேயரே பல நூற்றாண்டு செய்த காரியம்.

அடுத்து, ‘அர்’ போடுவதா, ‘மோர்’ போடுவதா என்ற தகராறு. ஒரே அசைச் சொல்லென்றால் ‘அர்’, மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’. இதில் சிக்கலில்லை. இரண்டு அசைச் சொற்களே தலைவலி. ‘ஒய்’ எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ‘அர்’: ஹேப்பியர், ஈஸியர். நேரோ, சிம்பிள் போன்றவையும் அப்படியே. க்ளெவர், க்வையட், காமன், பொலைட் இரண்டு வழியிலும் போகும். ‘க்ளெவரர்’ என்பது நம் காதுக்கு விக்கல் மாதிரி இருந்தாலும் சரியான சொல். ‘எட்’, ‘இங்’ என்று முடியும் வினையடிச் சொற்கள் எத்தனை சிறியதானாலும் ‘மோர்’தான் எடுக்கும்: மோர் டயர்ட், மோர் போர்ட், மோர் போரிங். ரியல், ராங் இரண்டும் ஒரே அசை என்றாலும் ‘மோர் ரியல்’, ‘மோர் ராங்’ என்றே வழங்கும். மூன்று அசை இருந்தும் ‘அன்ஹேப்பியர்’ சரி, ஏனென்றால் அது ‘ஹேப்பி’யின் மேல் ஒட்டிய முன்னொட்டுதான். 1865இல் வந்த ஆலிஸின் அற்புத உலகக் கதையில் அந்தச் சிறுமி வியப்பில் ‘க்யூரியஸர்’ என்று சொல்லிவிடுகிறாள். நல்ல ஆங்கிலம் பேசவே மறந்துபோனாள் என்று கதாசிரியர் லூயி கரோல் அங்கேயே குறிப்பும் போடுகிறார். அதன் பிறகு அந்தப் பிழை ஆங்கிலம் பேசும் உலகம் முழுக்கச் செல்லச் சொல்லாகிவிட்டது.

கூட்டுச் சொற்களில் முதல் பாதியை மாற்றுவது அழகு. ‘வெல் நோன்’ என்பதற்கு ‘பெட்டர் நோன்’, ‘குட் லுக்கிங்’குக்கு ‘பெட்டர் லுக்கிங்’. ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ போன்றவற்றில் அது செல்லாது, ‘மோர் ஓல்ட் ஃபேஷன்ட்’ என்றே எழுத வேண்டும்.

எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், உச்சரிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாங், ஸ்ட்ராங், யங் என்ற மூன்று சொற்களிலும் கடைசியில் வருவது தனியான மெல்லொலி மட்டும்தான். ககரத்தின் வல்லோசை அதில் இல்லை. நாம் அங்ஙனம், இங்ஙனம் என்று சொல்லும்போது வருகிறதே, அந்த ‘ங’ ஒலி. ஆனால் ஒப்பீட்டு வடிவத்துக்குப் போனதும் ககரம் வந்து குதிக்கிறது. லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் என்பவற்றில் ஒலிப்பது ‘அங்கே’, ‘இங்கே’ என்பதில் வரும் ‘ங்க’. எழுத்தில் இதேபோல இருக்கும் வேறொரு ‘அர்’ விகுதியை வினையோடு ஒட்டிச் ‘சிங்’ என்பதிலிருந்து பாடகர் என்ற சொல்லைச் செய்தால் ககரம் வராது. அங்ஙனம் என்பதில் வரும் மெல்லொலியோடு ‘சிங்ஙர்’ என்பதுபோலத்தான் பெரும்பாலோர் ஒலிக்கிறார்கள். பாடகரை ‘சிங்கர்’ என்று ‘அங்கே’ ஓசையில் சொல்வது நம்மூர்ப் பழக்கம். இந்த ‘ங’, ‘ங்க’ வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் வசதி ஆங்கிலத்துக்குக் கிடையாது, தமிழுக்கு உண்டு. தமிழ் எழுத்தை வைத்தே ஆங்கில உச்சரிப்பைச் சொல்லித்தர முடிகிற இடம் இது. ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

‘ஃபார்தர்’, ‘ஃபர்தர்’ சண்டை அவ்வளவு பெரியதில்லை. அமெரிக்காவில் அளக்கக்கூடிய தூரத்துக்கு ‘ஃபார்தர்’ என்றும், மற்றபடி ‘மேலும்’ என்ற பொருளுக்கு ‘ஃபர்தர்’ என்றும் பிரிக்கிறார்கள். பிரிட்டனில் இரண்டுக்கும் ‘ஃபர்தர்’ போட்டுவிடுவார்கள். ‘ஃபர்தர் ஸ்டடீஸ்’ என்ற இடத்தில் மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும். ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ விஷயமும் அப்படித்தான். எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, மற்றதற்கு ‘லெஸ்’ என்ற பிரிவினை, 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு இப்படிப் பிடிக்கும் என்று எழுதிவைத்ததிலிருந்து வளர்ந்தது. தேர்வில் அதைப் பின்பற்றுங்கள். மற்றவர் பேச்சில் அதைப் பிடித்துத் திருத்த வேண்டியதில்லை.

தேர்வு என்றதும் வாக்கிய மாற்றம் ஞாபகம் வருகிறது. ஒரே செய்தியை மூன்று நிலையிலும் எழுதச் சொல்வார்கள். இந்தப் பயிற்சியைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு, ஏனென்றால் அது இலக்கணத்தைவிட அதிகமாகத் தர்க்கத்தைச் சொல்லித் தருகிறது. ‘எனி அதர்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலுள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம். அதை ஒப்பீட்டு நிலையில் எழுதினால் தமிழ்நாட்டின் ‘எனி அதர்’ சிகரத்தையும் விட உயரம் என்று எழுத வேண்டும். ‘அதர்’ விட்டுப்போனால் தொட்டபெட்டா தன்னையே விட உயரம் என்று ஆகிவிடும். அடுத்து ஆனைமுடியைப் பாருங்கள், 2,695 மீட்டர், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனைமுடி தமிழ்நாட்டிலுள்ள எந்தச் சிகரத்தையும் விட உயரம் என்று எழுதும்போது ‘அதர்’ வரவே கூடாது, வெறும் ‘எனி’தான். ஆனைமுடி அந்தக் கூட்டத்திலேயே இல்லையே! தமிழில் ‘வேறெந்த’ என்று ஓரிடத்திலும் ‘எந்த’ என்று ஓரிடத்திலும் நாம் இயல்பாகவே சரியாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் ‘அதர்’ தப்பாது.

‘ஒன் ஆஃப் தி’ என்ற தொடருக்கும் இதே மருந்து. ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்’ என்று ஒருமையில் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். தமிழில் யாரும் ‘சிறந்த மாணவரில் ஒருவர்’ என்று எழுதுவதில்லை, ‘மாணவர்களில் ஒருவர்’ என்றுதான் எழுதுகிறோம். அந்தக் ‘கள்’ ஆங்கிலத்திலும் வேண்டும். தமிழால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

‘பெர்ஃபெக்ட்’, ‘யுனீக்’ போன்ற முழுமைச் சொற்களுக்கு ‘மோர்’ போடலாமா என்று கேட்பார்கள். முழுமைக்கு மேல் முழுமை ஏது என்பது இலக்கணக்காரர்களின் வாதம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே ‘பெர்ஃபெக்ட்’டுக்கு முன்னால் ‘மோர்’ இருக்கிறது. முழுமையை நோக்கி இன்னும் நெருங்குவது என்ற பொருளில் அது செல்லும். ‘யுனீ’க்கை மட்டும் நான் தொடமாட்டேன். ஒன்றே ஒன்று என்றால் ஒன்றே ஒன்றுதான்.

கடைசியாக ஒரு யோசனை. எந்தச் சொல்லுக்கு எந்த வடிவம் என்ற சந்தேகம் வந்தால் கைடைத் திறக்காதீர்கள். கற்பவர்களுக்கென்றே ஏ. எஸ். ஹார்ன்பி தொடங்கிவைத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 1948இலிருந்து அதை வெளியிட்டுவருகிறது. பெயரடை வடிவம் மாறும் இடங்களில் அந்தந்தச் சொல்லின் கீழேயே அதைக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம், உச்சரிப்பையும் கேட்கலாம். ‘லாங்கர்’ என்ற சொல்லை ஒருமுறை போட்டுக் கேளுங்கள், அப்படியே ‘சிங்கர்’ என்பதையும் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேறு விசித்திரமான சொற்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.